'நாளைக்கு' என்ற ஒரு சொல்: ஒரு நாடகக் குழுவின் ஒத்திகை அறிவிப்புகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தக் குழுவில் நடிகர்கள் 14 பேர், மேடைக்குப் பின்னால் வேலை பார்ப்பவர்கள் 8 பேர். யாருக்கும் நாடகம் முழுநேரத் தொழில் இல்லை. வேலையோ படிப்போ முடித்துவிட்டுச் சாயங்காலம் ஒத்திகைக்கு வருகிறவர்கள். ஏழு வாரம் ஒத்திகை, அப்புறம் நான்கு நாள் நிகழ்ச்சி என்று திட்டம். ஒத்திகை நடந்தது வாடகை அரங்கில். வேறு யாராவது அதே அரங்கைக் கேட்டுவிட்டால் எங்கள் நேரம் முன்னும் பின்னும் நகரும்.

நான் முதல் நாளிலிருந்து மேடை நிர்வாகியாக இருந்தேன். அதனால் கீழே வரும் தவறுகளில் என் பங்கும் உண்டு. சம்பந்தப்பட்ட எல்லாரிடமும் சொல்லிவிட்டு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

நாடகத்தில் 19 காட்சிகள். எல்லாரும் எல்லா நாளும் வர வேண்டியதில்லை. மூன்றாம் காட்சிக்கு நான்கு பேர், பதினோராம் காட்சிக்கு இரண்டு பேர், சண்டைக் காட்சிக்கு ஆறு பேர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். நடுவில் ஆடை அளவு பார்க்க ஒருவரை அரை மணி நேரம் தனியாக அழைக்க வேண்டும், பாட்டுக்கு மூன்று பேரைப் பிரித்து உட்கார வைக்க வேண்டும். ஒத்திகை அறிவிப்பு என்பது வெறும் நேரம் இல்லை. யார், எந்தக் காட்சிக்கு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எதைக் கொண்டுவர வேண்டும் என்பது எல்லாம் சேர்ந்ததுதான் அறிவிப்பு. இதில் ஒன்று விட்டுப்போனாலும் யாரோ ஒருவர் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார், அல்லது ஒரு காட்சியே நடக்காமல் போகும்.

முதல் மூன்று வாரங்களில் பார்த்தது

தகவல் நான்கு வழிகளில் போய்க்கொண்டிருந்தது.

முதலாவது, ஒப்பனை அறைக்குப் போகும் நடையில் இருந்த அறிவிப்புப் பலகை. அரங்குக்கே சொந்தமான பழைய பலகை. அதில் வேறு குழுக்களின் தாள்களும் எங்கள் முதல் வார அட்டவணையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தியிருந்தன. அது இருந்த இடம் நடையின் கதவுக்குப் பின்புறம். கதவைத் திறந்து வைத்தால் பலகை முழுதும் மறைந்துவிடும். அந்தக் கதவோ எப்போதும் திறந்துதான் இருக்கும்.

இரண்டாவது வாட்ஸ்அப் குழு. ஒத்திகை நேரமும் அதில்தான், பிறந்தநாள் வாழ்த்தும் அதில்தான், நடித்த காட்சியின் படங்களும் அதில்தான். மூன்றாவது, உதவி இயக்குநர் அக்கறையோடு தயாரித்துப் பகிர்ந்திருந்த இணைய நாள்காட்டி. அவரைத் தவிர அதைத் தினமும் திறந்து பார்த்தவர்கள் நான்கைந்து பேர்தான். நான்காவது இயக்குநரின் வாய். ஒத்திகை முடிந்து எல்லாரும் பையைத் தூக்கும் நேரத்தில், "சரி, புதன்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வந்துருங்கப்பா" என்பார். கிளம்பிப் போய்விட்டவர்களுக்கு அது தெரியாது. இருந்தவர்களுக்கும் 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று தெரியாது.

இந்த நான்கும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதை நம்புவது என்று யாரும் தீர்மானித்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தோதான வழியை நம்பினார்கள். மூத்த நடிகர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வார். இளையவர்கள் வாட்ஸ்அப்பைப் பார்ப்பார்கள். தாளம் வாசித்தவரிடம் ஸ்மார்ட்போனே கிடையாது. யாராவது ஞாபகம் வைத்துச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். இரண்டு முறை அவர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். அதை அவர் என்னிடம் சொன்னதே நான்காவது வாரத்தில்தான். சொல்லாமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. கேட்காமல் இருந்தது என் தவறு.

இவற்றையெல்லாம் அப்போதே பார்த்தேன். ஆனால் நாடகக் குழு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். தாமதமாக வந்தவர்கள் திட்டு வாங்கினார்கள், வேலை நடந்தது.

மூன்றாவது வார இறுதி

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாலை 4 மணிக்கு ஒத்திகை. வெள்ளிக்கிழமை இரவு வெகு நேரம் கழித்து அரங்கிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மேல் இடம் கிடைக்காது என்றார்கள். இயக்குநர் உடனே வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "நாளைக்கு 4 இல்ல, 2 மணிக்கே வந்துடுங்க. ஃபைட் முதல்ல."

அந்தச் செய்தி போன நேரம் இரவு 12.10.

இயக்குநரைப் பொறுத்தவரை அது இன்னும் வெள்ளிக்கிழமை இரவுதான். தூங்கி எழுந்தால்தானே மறுநாள். விழித்திருந்து உடனே படித்தவர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். காலையில் எழுந்து பார்த்தவர்களுக்கோ அந்தச் செய்தி 'இன்று' என்ற தலைப்பின் கீழே இருந்தது. 'இன்று' என்பதன் கீழே 'நாளைக்கு' என்று இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் படித்ததில் ஒரு தவறும் இல்லை.

சண்டைக் காட்சியில் மையமாக இருக்கும் இருவரில் ஒருவர் காலையில் படித்தவர். அவர் "ஓகே" என்று பதில் போட்டார். அந்த ஓகேயைப் பார்த்து நான் நிம்மதியானேன். சனிக்கிழமை 2 மணிக்கு அவர் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. காத்திருக்க நேரமில்லாததால் உதவி இயக்குநர் அவருடைய இடத்தில் நின்றார். செட்டில் படிக்கட்டு ஒன்றை நகர்த்தியிருந்ததால் சண்டையின் நான்காவது வீச்சை மாற்ற வேண்டியிருந்தது. முன்பு வலப்பக்கமாக வந்த மரக்கத்தி இனிமேல் இடப்பக்கமாக வரும், எதிராளி வலக்காலில் பின்வாங்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் அதைப் பழகினார்கள். 4 மணிக்கு அந்த நடிகர் வந்தபோது வேறு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "ஃபைட்ல கொஞ்சம் மாத்தியிருக்கோம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று யாரோ அவரிடம் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை 2 மணிக்கு, அந்தச் செய்தியை அவரைப் போலவே புரிந்துகொண்டிருந்த இன்னும் மூன்று பேர் வந்து பூட்டிய கதவின் முன்னால் நின்றார்கள். 4 மணிக்கு ஆரம்பித்த முழு ஒத்திகை, எரிச்சலும் அவசரமுமாகத்தான் ஆரம்பித்தது. சண்டைக் காட்சியைத் தனியாக நடந்து பார்க்க நேரம் ஒதுக்கவில்லை. மாற்றம் அவருக்குத் தெரியும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். 'கொஞ்சம்' என்றால் சின்ன மாற்றம்தான் என்று அவர் நினைத்தார். நான்காவது வீச்சில் மரக்கத்தி அவருடைய இடது மோதிர விரலில் விழுந்தது.

எலும்பு முறியவில்லை. பத்து நாள் அந்தக் கையால் எதையும் பிடிக்கக் கூடாது என்றார் மருத்துவர். விரல் வீங்கிய நிலையில் அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் சொன்னது: "அண்ணே, நான் மெசேஜைப் பார்த்தேன்ணே. ஓகேகூடப் போட்டேனே."

விசாரித்தபோது தெரிந்தது

திங்கட்கிழமை ஒத்திகையை நிறுத்திவிட்டு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை. "சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று நீங்கள் நினைத்தீர்கள், எதைப் பார்த்து?" என்று மட்டும் கேட்டேன்.

பதில்களை ஒரு தாளில் எழுதி அடுக்கியபோது எனக்கு உறைத்தது. தகவல் கிடைக்காதவர்கள் இரண்டு பேர்தான். மற்ற எல்லாருக்கும் கிடைத்திருந்தது. ஆனால் ஆளுக்கு ஒரு தகவல், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வழியில் சரியானது. நாள்காட்டியில் 4 மணி என்றுதான் இருந்தது. பலகையில் அந்த வாரத்துத் தாளே இல்லை. வாட்ஸ்அப்பில் செய்தியின் விவரத்தைத் திறந்தால் கிட்டத்தட்ட எல்லாரும் படித்திருப்பதாகக் காட்டியது. படித்தார்கள் என்பதற்கு அது சான்று. என்னவென்று புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்று இல்லை. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேன்.

சொற்களும் சிக்கலில் பங்கெடுத்தன. 'வர்ற சனிக்கிழமை' என்றால் இந்த வாரத்துச் சனி. 'அடுத்த சனிக்கிழமை' என்றால் சிலருக்கு இந்த வாரம், சிலருக்கு அதற்கு அடுத்த வாரம். 'சாயங்காலம்' 4 மணிக்கும் பொருந்தும், 6 மணிக்கும் பொருந்தும். பேச்சில் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறோம். எழுத்தில் அந்த வசதி இல்லை.

எடுத்த முடிவுகள்

செவ்வாய்க்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் வந்த யோசனை அபராதம். தாமதமாக வருகிறவர்கள் பணம் கட்டட்டும் என்று சிலர் கோபத்தோடு சொன்னார்கள். அபராதம் நாடகத்துக்குப் புதிதில்லை. 1614 ஏப்ரலில் லண்டனில் ராபர்ட் டாஸ் என்ற நடிகர், அரங்க உரிமையாளர்களான பிலிப் ஹென்ஸ்லோவோடும் ஜேக்கப் மீடோடும் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்று வரை படிக்கக் கிடைக்கிறது. ஒத்திகைக்கு நேரத்துக்கு வராவிட்டால் 12 பென்ஸ் (அதாவது ஒரு ஷில்லிங்), ஒத்திகை முடியும் வரை வராவிட்டால் 2 ஷில்லிங், நாடக நேரத்தில் குடித்திருந்தால் 10 ஷில்லிங் என்று அதில் வரிசையாக வருகிறது. ஆனால் அந்த வரிசைக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒத்திகையைப் பற்றி முந்தின இரவே, எல்லாரும் அறியும்படி அறிவித்திருக்க வேண்டும் என்பது அது. இதைக் கூட்டத்தில் சொன்னேன். அந்த நிபந்தனையை நாங்கள் இன்னும் நிறைவேற்றவில்லை. நிறைவேற்றாதவரை யாரிடமும் காசு கேட்க முகாந்திரம் இல்லை. அபராதப் பேச்சு அத்தோடு நின்றது.

பிறகு முடிவானவை இவை. பலகை ஒன்றுதான் மூலம், மற்றதெல்லாம் அதன் நகல். பலகையில் ஏறாத மாற்றம் மாற்றமே இல்லை. இரவு 8.30 மணிக்குள் மறுநாள் தாள் பலகையில் ஏறும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவேன். அறிவிப்புக்கென்று தனிக் குழு, அதில் அட்மின் மட்டுமே எழுத முடியும். வாழ்த்தும் படங்களும் பழைய குழுவிலேயே தொடரட்டும். இணைய நாள்காட்டியை மூடிவிட்டோம். அதற்காக உழைத்த உதவி இயக்குநருக்கு வருத்தம்தான். ஆனாலும் அவரே முதலில் சரி என்றார்.

ஏன் பலகை, ஏன் தொலைபேசி இல்லை என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு காரணம் தாளம் வாசிப்பவர். குழுவில் ஒருவருக்கு எட்டாத வழி மூலமாக இருக்க முடியாது. இன்னொரு காரணம், தொலைபேசியில் ஒவ்வொரு புதிய செய்தியும் பழையதை மேலே தள்ளிவிடுகிறது. பழையது அழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பலகையில் இனிமேல் பழைய தாளை எடுத்துவிட்டுத்தான் புதியதைக் குத்துவோம். ஒரு நேரத்தில் ஒரு தாள்தான் இருக்கும்.

பலகையில் எழுதுவது ஒரே கை என்றும் முடிவு செய்தோம். இயக்குநர் என்னிடம் சொல்வார், நான் எழுதுவேன். இதற்குத்தான் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒத்திகை போகிற போக்கில்தான் அடுத்த நாள் என்ன வேண்டும் என்று தெரியும், எட்டரை மணிக்குக் கோடு போட்டால் எப்படி என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எட்டரைக்கு மேலும் மாற்றலாம், ஆனால் அதனால் பாதிக்கப்படும் ஒவ்வொருவரையும் நான் தொலைபேசியில் பிடித்து, தாளில் அவர் பெயருக்கு நேரே குறி போட்ட பிறகுதான் மாற்றம் செல்லும் என்று பேசி முடித்தோம். அந்த நடைமுறையை ஒரு முறை பார்த்த பிறகு, நள்ளிரவு மாற்றங்களை அவரே குறைத்துக்கொண்டார்.

'ஓகே' என்ற பதிலை நிறுத்தினோம். அரங்கில் இருப்பவர்கள் கிளம்பும் முன் மறுநாள் தாளில் தங்கள் பெயருக்கு நேரே சுருக்கொப்பம் இட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்கான நாளையும் நேரத்தையும் திருப்பி எனக்கு எழுத வேண்டும்: "ஞாயிறு 4.00, காட்சி 7" என்று. முதல் வாரத்திலேயே இரண்டு பேர் தவறாகத் திருப்பி எழுதினார்கள். அந்தத் தவறு இரவே தெரிந்ததால் காலையில் யாரும் பூட்டிய கதவின் முன்னால் நிற்கவில்லை.

நாளை, மறுநாள், வர்ற, அடுத்த, சாயங்காலம், சீக்கிரம் ஆகிய சொற்களுக்குப் பலகையில் இடமில்லை. கிழமை, தேதி, ஆரம்ப நேரம், முடியும் நேரம் நான்கும் இருக்க வேண்டும்.

சண்டைக் காட்சிக்குத் தனி விதி. அதில் எந்த அசைவு மாறினாலும் சிவப்பு ஓரமிட்ட தனித் தாளில் எழுதப்படும். அந்த ஆறு பேரும் கையொப்பமிட்டு, மெதுவாக ஒரு முறை நடந்து பார்த்த பிறகே முழு வேகத்தில் செய்யலாம். ஒவ்வொரு முழு ஒத்திகைக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் சண்டையை ஒரு முறை நிதானமாகச் செய்து பார்ப்பது தொழில்முறைக் குழுக்களில் வழக்கம். அதற்கான 15 நிமிடத்தை இனிமேல் தாளிலேயே அச்சிட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம். எங்கள் விபத்துக்கு நேரடிக் காரணம் இந்தப் பதினைந்து நிமிடம் இல்லாததுதான். நேரக் குழப்பம் இல்லாமலிருந்தாலும், இது இல்லையென்றால் என்றாவது ஒரு நாள் அது நடந்திருக்கும்.

பலகை

அரங்கு நிர்வாகத்திடம் கேட்டு, பலகையைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஒப்பனை அறைக்கும் தண்ணீர் வைத்திருக்கும் இடத்துக்கும் நடுவில் மாட்டினோம். ஒரு சாயங்காலத்தில் ஒருவர் அந்த வழியாக நான்கு முறையாவது போவார். எங்களில் உயரம் குறைந்தவரை நிற்க வைத்து, அவருடைய கண் மட்டத்தில் மறுநாள் தாள் வருமாறு பார்த்துக்கொண்டோம். மேலே ஒரு விளக்கு. பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். நூல் இல்லாத பேனா இரண்டு நாள்கூட அங்கே தங்கவில்லை.

தாள்கள் மூன்று வரிசை. இடப்பக்கம் மறுநாள். நடுவில் அந்த வாரம், மாறக்கூடியது என்ற குறிப்போடு. வலப்பக்கம் எப்போதும் மாறாதவை: காட்சி வாரியாக யார் யார் வேண்டும் என்ற பட்டியல், முதலுதவிப் பெட்டி இருக்கும் இடம், அவசர அழைப்பு எண். இடப்பக்கத் தாளில் ஏதாவது மாறினால் தாளையே மாற்றி, மேலே 'திருத்தம் 2, இரவு 8.50' என்று எழுதி, மாறிய வரிக்கு நேரே ஓரத்தில் கோடு போடுவேன். அடித்துத் திருத்துவதில்லை. அடித்துத் திருத்திய தாளை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பார்கள்.

இதை அமைத்த நாட்களில் எலிசபெத் காலத்து ஆங்கில நாடகக் குழுக்களின் மேடைத் தாள்களைப் பற்றி எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. எந்தக் காட்சியில் யார் நுழைகிறார், கையில் என்ன கொண்டுவருகிறார் என்பதை ஒரே தாளில் கட்டம் கட்டி எழுதி, அட்டையில் ஒட்டி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட சில தாள்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்று லண்டனில் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. அவற்றின் மேல்பக்கத்தில் ஒரு துளை உண்டு. மேடைக்குப் பின்னால் முளையில் மாட்டி வைப்பதற்கான துளை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன்பும் யாரோ ஒருவர், எல்லாரும் போகிற வழி எது என்று பார்த்து அந்த முளையை அடித்திருப்பார். அந்த எண்ணம் எனக்குப் பெரிய ஊக்கமாக இருந்தது.

நான்காம், ஐந்தாம் வாரம்: பலகையால் வந்த சிக்கல்கள்

குழப்பம் சட்டென்று குறைந்தது. ஆனால் இதுவரை இல்லாத வேறு தவறுகள் வந்தன. முதலாவதை நானே செய்தேன்.

மறுநாள் தாளில் 'வர இயலாதவர்' என்று ஒரு கட்டமும், அதற்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டமும் வைத்திருந்தேன். எழுதி வைத்தால் நல்லதுதானே என்ற நினைப்பு. இளம் நடிகை ஒருவர் மருத்துவரைப் பார்க்கப் போவதாக என்னிடம் சொன்னதை அப்படியே அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டேன். மறுநாள் மூன்று பேர் அவரிடம் போய் "உடம்புக்கு என்னம்மா?" என்று அன்பாகத்தான் விசாரித்தார்கள். அவர் என்னிடம் வந்து, "அண்ணா, உங்ககிட்ட சொன்னேன், சுவர்கிட்ட சொல்லலையே" என்றார். அன்றைக்கே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் வரவில்லை என்பது மட்டுமே குழுவுக்குத் தேவை. ஏன் என்பது எனக்கும் அவருக்கும் நடுவில். அதே வேகத்தில், வலப்பக்கம் மாட்டியிருந்த எல்லாருடைய தொலைபேசி எண் பட்டியலையும் கழற்றினேன். அந்த நடை வழியாக அரங்கின் மற்ற வாடகைக்காரர்களும் போவார்கள் என்பது எனக்கு அதற்கு முன்னால் தோன்றவே இல்லை.

இரண்டாவது, நண்பருக்காகச் சுருக்கொப்பம் போடுவது. முன்னதாகக் கிளம்பிய ஒருவருக்காக இன்னொருவர் ஒப்பமிட்டார், சொல்ல மறந்துவிட்டார், ஆடை அளவுக்கு அவர் வரவில்லை. தையல்காரர் 40 நிமிடம் காத்திருந்தார். ஒப்பம் எதற்கு என்பதை நான் சரியாக விளக்கியிருக்கவில்லை. வருகைப் பதிவு என்று நினைத்திருந்தார்கள். 'நான் படித்துப் புரிந்துகொண்டேன்' என்பதுதான் அதன் பொருள், அதை ஒருவருக்காக இன்னொருவர் சொல்ல முடியாது என்று பலகையின் மேலேயே எழுதி வைத்தோம்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஐந்தாவது வாரம் ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். முந்தின இரவு போட்ட தாள் அப்படியே இருந்தது. அன்று ஒத்திகையில் அடுத்த நாளுக்கு ஐந்து பேரைக் கூடுதலாக அழைக்க முடிவு செய்திருக்கிறார்கள். ஒரே கை என்ற விதியை மதித்து யாரும் பலகையைத் தொடவில்லை. என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அழைக்கவும் இல்லை. ஐந்து பேரும் வரவில்லை. எல்லாரும் விதிப்படி நடந்ததால் வந்த தவறு இது. விதியை எழுதியவன் நான். அன்றிலிருந்து உதவி இயக்குநர் இரண்டாவது கை. நான் இல்லாத நாளில் அவர் எழுதி, தன் பெயரையும் கீழே போடுவார்.

தொழில்நுட்ப ஒத்திகை வாரம்

ஆறாவது வாரக் கடைசியில் நிகழ்ச்சி நடக்கும் அரங்குக்கு மாறினோம். ஒளி, ஒலி, செட் மாற்றம் எல்லாவற்றையும் ஒவ்வொரு கியூவாக (எந்த இடத்தில் எது மாற வேண்டும் என்ற குறிப்பு) நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் நாட்கள். ஒரு பக்க வசனத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அடுத்தது எந்தக் காட்சி, எப்போது என்பது மணிக்கு மணி மாறும். முந்தின இரவு அறிவிப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது. பலகையைக் கழற்றிக்கொண்டுபோய்ப் புதிய அரங்கின் பின்னறையில் மாட்டி, அந்த இரண்டு நாளும் இடைவேளைதோறும் தாள் மாற்றினேன். ஒரு நாள் திருத்தம் 6 வரை போனது.

ஒளி இயக்குபவர் பார்வையாளர் பக்கத்து வாசல் வழியாக வந்து நேராகத் தன் மேசைக்குப் போய்விடுவார். பின்னறைப் பக்கமே வர மாட்டார். அவருக்காக ஒரு நகலை அந்த மேசையில் வைத்தோம். இரண்டாம் நாள் பலகையில் திருத்தம் 4, அவருடைய மேசையில் திருத்தம் 3. அவர் 12-ஆம் காட்சிக்குத் தயாராக இருந்தார், மேடையில் 14 நின்றது. இருபது நிமிடம் போனது. இரண்டு தாளிலும் எண் இருந்ததால் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க அரை நிமிடம்தான் ஆனது. எண் இல்லாவிட்டால் அந்த இருபது நிமிடமும் யார் சரி என்ற வாக்குவாதத்தில் போயிருக்கும். அதற்கப்புறம் புதிய தாள் போட்டதும் முதலில் அவருடைய மேசைக்கு நடப்பேன், பிறகு பலகைக்கு.

நிகழ்ச்சி நாட்கள்

நிகழ்ச்சி இரவு 7 மணிக்கு. முதல் நாளுக்கு முன்னால் ஒரு குழப்பம் எட்டிப் பார்த்தது. பிரிட்டிஷ் அரங்க வழக்கத்தில் 'அரை மணி' அழைப்பு என்பது திரை விலக 35 நிமிடம் முன்பு. 'கால் மணி' 20 நிமிடம் முன்பு, 'ஐந்து' 10 நிமிடம் முன்பு, முதல் காட்சி நடிகர்களுக்கான அழைப்பு 5 நிமிடம் முன்பு. எல்லாமே அந்தக் கடைசி அழைப்பிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுபவை. எங்கள் குழுவில் இருவர் அந்த முறையில் பழகியவர்கள். மற்றவர்களுக்கு அரை மணி என்றால் 6.30-தான். 'நாளைக்கு' பட்ட பாட்டைப் பார்த்திருந்ததால் இதை விவாதிக்கவே இல்லை. பலகையில் 6.25, 6.40, 6.50, 6.55 என்று கடிகார நேரமாகவே எழுதினோம்.

6.25-க்கு வருகைத் தாளை எடுத்துப் பார்ப்பேன். இரண்டாம் நாள் ஒரு பெயருக்கு நேரே ஒப்பம் இல்லை. அழைத்தால், வழியில் சிக்கியிருக்கிறார். மாற்று நடிகருக்கு உடனே ஆடை மாட்ட ஆரம்பித்தோம். 6.48-க்கு அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், அவரே நடித்தார். தாள் இல்லாமல் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தால், ஒப்பனை அறை நெரிசலில் அவர் இல்லை என்பதே 6.55-க்குத்தான் தெரிந்திருக்கும்.

சண்டைக் காட்சியை நான்கு நாளும் முன்கூட்டி நடந்து பார்த்தார்கள். விரலில் அடிபட்ட நடிகர் ஐந்தாவது வாரத்திலேயே மரக்கத்தியைத் திரும்பப் பிடித்துவிட்டார். சிவப்பு ஓரத் தாளில் எப்போதும் முதல் ஒப்பம் அவருடையது.

முறை மாறிய பிறகு, ஒத்திகை நேரம் தெரியாமல் வராதவர்கள் என் குறிப்பேட்டின்படி நான் படுத்திருந்த நாளின் ஐந்து பேரும், ஆடை அளவைத் தவறவிட்ட ஒருவரும்தான். தாமதமாக வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தாமதம் என்று அவர்களுக்கே தெரிந்துதான் வந்தார்கள். அது வேறு பிரச்சினை, பலகையால் தீராது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பலகையை முதல் வாசிப்பு நாளிலேயே மாட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து, அதுவும் ஒருவர் அடிபட்ட பிறகு மாட்டியதால், சிலருக்கு அது தண்டனை போலத் தோன்றியது. அந்த மனநிலை மாறவே ஒரு வாரம் ஆனது.

கழற்றிய தாள்களை முதல் பத்து நாள் குப்பையில் போட்டேன். பிறகுதான் தேதி வாரியாகக் கோப்பில் சேர்த்தேன். சண்டைக் காட்சி எந்த நாளில் எப்படி மாறியது என்று பின்னால் தேட வேண்டி வந்தபோது, நான் தூக்கிப் போட்ட தாள்தான் தேவைப்பட்டது.

இயக்குநரும் மறுநாள் தாளில் ஒப்பமிட வேண்டும். இந்த முறை அவரை விட்டுவிட்டோம். இரண்டு தடவை, தான் சொன்னதும் நான் எழுதியதும் வேறு என்று மறுநாள்தான் அவருக்குத் தெரிந்தது.

ஒரு வாசல் வழியாக வருகிறவர்களுக்கு ஒரு பலகை போதும். வேறு வாசல் வழியாக வருகிறவர் யார் என்பதை அரங்குக்குப் போன முதல் நாளே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாதவர் யார் என்பதையும் அப்படியே. தாளம் வாசிப்பவருக்குத் தினமும் இரவு 8.40-க்கு நான் அழைத்துத் தாளை வாசித்துக் காட்டுவேன். அவர் நாளையும் நேரத்தையும் திருப்பிச் சொல்வார். அது ஒரு நிமிட வேலை. அடுத்த நாடகத்துக்கான பலகையில் அந்த அழைப்பும், இரண்டாவது கை யாருடையது என்பதும் முதல் நாள் தாளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.